கடைக் கணக்கு எழுதும் காரைக்குடி நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர்ப் பக்கம் மொத்தக் கடையிலும் அரிசி ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் நகைக்கடை மாடியிலும் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். ஆடிட்டர்களுக்கு எழுதவில்லை. அவர்களுக்கு வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. நமக்குப் பெயரே கிடையாது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்க வருகிற வங்கிக்காரர்கூட "அக்கவுண்ட்ஸ் அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார். கணக்குப்பிள்ளை என்ற பழைய பெயராவது ஒரு பதவி மாதிரி இருந்தது.

உங்களில் பாதிப் பேர் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாளான மாதம் 20ஆம் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொள்கிறவர்கள் நாம். "உங்களுக்கு ஓப்பன் ஆகுதா?" "இல்லக்கா, இங்கயும் சுத்துது." அதைக் கேட்டதும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அது நமக்கு மட்டும்தான் புரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதுகிறோம். நம் உழைப்புக்கு, நாம் கற்றதற்கு, இனி எங்கே போகப்போகிறோம் என்பதற்கு ஒரு கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. முதலாளி அதை எங்கோ குறித்து வைத்திருப்பார் என்று நம்பிக்கொண்டு இருக்கிறோம். நான் 15 வருடம் அப்படித்தான் இருந்தேன்.

2008இல் இரும்பு, சிமெண்டு மொத்தக் கடை ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பி.காம்., அப்புறம் மூன்று மாதம் டேலி கணக்கு மென்பொருள், இவ்வளவுதான் கையிலிருந்த சரக்கு. சம்பளம் 3,500 ரூபாய். நியமனக் கடிதம் என்று ஒன்று கிடையாது. "சரிம்மா, நாளைக்கு வந்திரு" என்றார் முதலாளி. அதுதான் நியமனம்.

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை 1 உங்களுக்கும் மறந்திருக்காது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, ஓர் எழுத்து தப்பினாலும் மறுபடி போன் போட்டு, சிமெண்டுக்கு 28 சதவீதம், கம்பிக்கு 18 சதவீதம் என்று ஒவ்வொரு சரக்குக்கும் எச்.எஸ்.என். என்கிற வகை எண் தேடிப் பதிந்தோம். அந்த மாதம் முழுக்க வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்குத்தான். 2018 ஏப்ரலில் சரக்கோடு அனுப்ப வேண்டிய இ-வே பில் வந்தது. 2020இல் ஊரடங்குக்கு நடுவில், விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்தது. விற்றவர் பில்லை ஏற்றினாரா இல்லையா என்று நம் கொள்முதலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டியதாயிற்று. நான் மாதம் 900 பில் ஒப்பிட்டேன். எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறி, ஆடிட்டர் ஆபீஸ் பையன்களைக் கெஞ்சிக் கேட்டு, நானே கற்றுக்கொண்டேன். ஆனால் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. வேலைக்கு வந்தால் வேலை செய்கிறோம், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் அரசுப் போர்ட்டலில் பதிகிற இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று வந்தது. கடை எப்போதோ அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. முதலாளி புதிதாக ஒரு தம்பியை அக்கவுண்ட்ஸ் மேனேஜராகக் கொண்டுவந்தார். சம்பளம் என்னுடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தத் தம்பியின் பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி என் கையில்தான் கொடுத்தார்கள். மெஷின் சூடாகிற நேரத்தில் படித்தேன். "ஜி.எஸ்.டி. 2பி ரீகன்சிலியேஷன், மாதம் 400 பில்கள்" என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது.

நானூறு.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளியிடம் போனேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனதால் அழுதுவிட்டேன். அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "உனக்கு இந்தப் பொறுப்பு வேணும்னு ஒரு நாளும் கேக்கவே இல்லையேம்மா. உனக்கு இதெல்லாம் தெரியும்னும் நீ சொல்லலையே" என்றார். பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். கோட்டையூர் வந்து இறங்கும்போது கோபம் பாதி என் பக்கம் திரும்பியிருந்தது.

மீதிப் பாதி இன்னும் அவர் பேரில் இருக்கிறது. 15 வருடம் கூடவே இருந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று பார்க்காதது முதலாளியின் குறைதான், அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவர் எப்போது திருந்துவார் என்று காத்திருந்தால் எனக்கு அறுபது வயதாகிவிடும்.

கோபத்தில் திருச்சியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். எதிரில் இரண்டு பேர். "உங்க இப்போதைய வேலையில என்ன பண்றீங்க?" என்றார்கள். "கணக்கு பாக்குறேன் சார்." "சரி, கணக்குல என்ன?" "எல்லாமே பாக்குறேன் சார்." இந்த 'எல்லாமே' என்ற சொல்லோடு இன்டர்வியூ முடிந்துவிட்டது. 15 வருட வேலை நாலு நிமிடத்துக்குத் தாங்கவில்லை.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை மெல்ல எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பி அழுத்துவார்கள். பூ கண்ணாடிப் பக்கம் குப்புறக் கிடக்கும். கல் இறுகி, தண்ணீரில் ஊறி வெளியே வந்து, கண்ணாடியை எடுத்தால் பளபளவென்று முகம் தெரியும். அந்தக் கைவேலைக்காரருக்குத் தன் திறமையைச் சொல்ல வாயே வேண்டாம், கல்லைத் திருப்பிக் காட்டினால் போதும். நம் வேலை கடைசிவரை குப்புறவே கிடக்கிறது. சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. தப்பு நடந்தால் மட்டும் நோட்டீஸ் வருகிறது. அதனால் நம் வேலையை நாமே திருப்பிக் காட்டினால்தான் உண்டு.

அந்த வாரம் ஒரு பழைய பேரேட்டின் எழுதாத பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறையில், மாவு அரைத்துக்கொண்டே. என்ன செய்தேன், எதைத் தடுத்தேன், எதைக் கண்டுபிடித்தேன் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். முதல் நாள் ஆறே வரிதான் வந்தது. பழைய மெயில்களையும் டைரியையும் புரட்டப் புரட்ட இரண்டு பக்கமானது. திருச்சிக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. ஒரு சப்ளையர் ஏழு மாதமாக நம் எண்ணைத் தப்பாகப் போட்டு ஏற்றியதைக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தது, அதனால் கடைக்குத் திரும்பி வந்த வரிக் கிரெடிட் எவ்வளவு என்பது, வங்கியின் சி.சி. கடன் கணக்குக்கு மாதாமாதம் சரக்கிருப்புக் கணக்கு கொடுப்பதில் ஒரு தடவைகூடத் தாமதம் ஆகாதது, எல்லாம்.

இன்னொரு பக்கத்தில் எதிர்ப்பக்கக் கணக்கையும் எழுதினேன். கம்பெனிச் சட்டப்படியான கணக்கு முடிக்கத் தெரியாது. எக்ஸெலில் கூட்டல் கழித்தலைத் தாண்டினால் தடுமாற்றம். இங்கிலீஷில் மெயில் எழுத அரை மணி நேரம் ஆகிறது. பற்றும் வரவும் எதிரெதிரே இருந்தால்தானே நமக்கு மனசு ஒப்பும். இன்றைய பேலன்ஸ் ஷீட்டைப் பழைய செட்டிநாட்டுக் கணக்கில் ஐந்தொகை என்பார்களே, அதுபோல நானே எனக்கு ஒன்று எடுத்துவிட்டேன்.

ஐந்தொகை என்ற சொல்லை எனக்கு விளக்கியவர் ஓர் ஆச்சி. எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக் கணக்கும் கோவில் கட்டளைக் கணக்கும் எழுதிக் கொடுக்கப் போவேன். வீட்டில் அறைக்குப் பஞ்சமில்லை, ஆட்கள்தான் இல்லை. என் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நாள் பெட்டகத்திலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். பழுப்பேறி, மடிப்பில் விட்டுப்போன தாள்கள். "எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனப்ப எழுதின சம்பளச் சீட்டு" என்றார்.

எழுத்துக்கூட்டிப் படித்தோம். எந்த ஊர் வட்டிக்கடை, என்ன வேலை, எத்தனை வருடம், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. தவணை மூன்று வருடம். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வருவார். பிள்ளை குட்டிகளோடு சில மாதம் இருப்பார். அப்புறம் போவதானால் புதுச் சீட்டு எழுத வேண்டும். அதே கடையாகவும் இருக்கலாம், வேறு கடையாகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தவர் அடுத்தாளாகி, அடுத்தாள் கடையை நடத்தும் ஏஜெண்டாகி, கையில் முதல் சேர்ந்தால் சொந்தக் கடையும் போட்டுவிடுவார். அடுத்த படி எது என்று பையனுக்கே தெரியும்.

"கல்யாணத்தையே இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதிப் பண்ற சாதி நாங்க. வேலைக்குப் போறதுக்கு எழுதாம விடுவோமா?" என்று சிரித்தார் ஆச்சி.

பழைய பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்த ஏணி ஒரு சாதி ஆண்களுக்கான ஏணி. நானோ என் அம்மாவோ அதன் முதல் படியில்கூடக் கால் வைத்திருக்க முடியாது. பையன்களுக்கும் அது இனிப்பாக இருந்திருக்காது, மூன்று வருடம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காத வேலை அது. எனக்கு உறைத்தது வேறு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு தரப்பும் உட்கார்ந்து 'இனி என்ன' என்று பேசியே ஆக வேண்டும் என்பது அந்த முறைக்குள்ளேயே இருந்தது. எனக்கு 15 வருடத்தில் அப்படி ஐந்து தடவை பேச்சு நடந்திருக்க வேண்டும். ஒன்றுகூட நடக்கவில்லை.

ஆச்சி வீட்டுக் காகிதக் கட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணையின்போது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. 1930இலிருந்து நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. பணம் வரவேண்டிய இடத்தில் நிலம் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் இவர்கள் பெயரில். கையில் நிலம் நிறைய, தூக்கிக்கொண்டு வரத்தான் முடியாது. 1942இல் ஜப்பான் படை வந்தது. சுதந்திரத்துக்குப் பின் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியது. ஆச்சியின் ஐயாவோடு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தக் கட்டும்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததில் எவ்வளவு பர்மா நிலம் என்று எண்ணிப் பார்த்தேன். எந்த மேஸ்திரி எப்போது பாக்கி தருவார், முதலாளி "பாத்துக்கலாம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம், 2011 வவுச்சர் கட்டு எந்தப் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது, டேலியில் யார் பெயரைப் பிழையாக ஏற்றி வைத்திருக்கிறோம். இதெல்லாம் உழைத்துச் சேர்த்ததுதான். ஆனால் அந்த வாசலைத் தாண்டினால் ஒரு ரூபாய்க்குப் போகாது. 'இவங்க இல்லாட்டிக் கடை ஓடாது' என்று சொல்வார்களே, அதைக் கேட்டு எத்தனை வருடம் பூரித்திருக்கிறேன்! கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகப் பத்து நாள் போகாமல் இருந்தேன். கடை பாட்டுக்கு ஓடியது. இரண்டு தடவைதான் போன் வந்தது, இரண்டும் பாஸ்வேர்டு கேட்டு.

அந்தக் காலத்தில் உண்டியல் எழுதுவார்கள். இன்றைக்கு உண்டியல் என்றால் கோவில் உண்டியல்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அது கடன் சீட்டு. இந்த ஊரில் எழுதிய தாளை அந்த ஊரில் நீட்டினால் பணம் கிடைக்கும். நம்மிடம் அப்படி வேறு ஊரில் செல்லுபடியாகிற தாள் எத்தனை இருக்கிறது? என்னிடம் ஒன்றுதான் இருந்தது, 2007இல் வாங்கிய பட்டம். அதனால் ஒரு முடிவு எடுத்தேன். வருடத்துக்கு ஒன்றாவது, கடைக்கு வெளியிலும் செல்லுபடியாகிற மாதிரி கற்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கனவே தெரிந்த ஒன்றுக்கு வெளியே யாராவது ஒப்புக்கொள்கிற அத்தாட்சி வாங்க வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற சி.ஏ.டி. என்ற கணக்குப் படிப்பு நம்மைப் போன்றவர்களுக்கானதுதான். பி.காம். படித்தவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிய ஜி.எஸ்.டி. விதி 83 இடம் கொடுக்கிறது. பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது, எம்.காம். தபாலில் படிக்கலாம். எல்லாவற்றையும் பிடித்து இழுக்காதீர்கள். நான் முதல் வருடம் மூன்றில் சேர்ந்து, மூன்றையும் பாதியில் விட்டேன். இப்போது ஒன்றுதான், காலை ஐந்திலிருந்து ஆறு மணி வரை. ராத்திரி என்பது பெண்களுக்கு நடக்காத கதை, அதைப் பெண்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. சுவரில் எட்டு மாட்டியிருக்கும், செய்கிற வேலையில் ஒரு மாற்றமும் இருக்காது. கற்றதை மூன்று மாதத்துக்குள் கடைக் கணக்கில் ஓரிடத்திலாவது பயன்படுத்திப் பார்க்காவிட்டால், என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டணம் செலவுக் கணக்கில் போகவேண்டியதுதான், முதலீட்டில் வராது.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். கேட்பது.

நாம் ஏன் கேட்பதில்லை? பயத்தால் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் பயம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் கூச்சம். முதலாளி கெட்டவராக இருந்தால் கேட்பது சுலபம். நம் முதலாளிகள் பலர் நல்லவர்கள். தீபாவளிக்குப் புடவை, வேட்டி. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட நாள் நெருங்கினால் அவரே கூப்பிட்டு "பணம் இருக்காம்மா?" என்பார். தங்கச்சி கல்யாணத்துக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன், மாதம் 1,500 என்று பிடித்தார்கள். 40 மாதம். அந்த 40 மாதமும் எதைக் கேட்க வாயைத் திறந்தாலும் அந்த அட்வான்ஸ் என் முன்னால் வந்து நின்றது. உதவி செய்தவரிடம் உரிமை பேசுவது நன்றிகெட்டதனம் என்று வளர்ந்தவர்கள் நாம். நன்றி அப்படியே இருக்கட்டும். அட்வான்ஸ் ஒரு கணக்கு, அது கட்டி முடிந்தது. செய்கிற வேலை வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டுப் பக்கத்தில் எழுதினால் நம் ஆடிட்டரே கையெழுத்துப் போடமாட்டார்.

நான் கேட்டது 2024 பிப்ரவரியில். மார்ச்சில் போய்க் கேட்காதீர்கள், அந்த மாதம் முதலாளிக்கு நம் முகத்தைப் பார்த்தாலே வரி ஞாபகம்தான் வரும். எழுதிய இரண்டு பக்கத்தைத் திருத்தி, ஒரே பக்கமாக டைப் அடித்து எடுத்துப் போனேன். 'எனக்கு மேனேஜர் பதவி வேண்டும்' என்று ஆரம்பிக்கவில்லை. "முதலாளி, போன மூணு வருஷத்துல நான் செஞ்சது இது. அடுத்த மூணு வருஷத்துக்கு வங்கிக் கடன் ஃபைலும் சரக்கிருப்பும் என் பொறுப்புல வரணும். என்ட்ரி போட ஒரு பொண்ணு வேணும், நான் பழக்கிவிடுறேன். சம்பளம் இவ்வளவு வேணும். இதை லெட்டர்ஹெட்டுல எழுதித் தரணும்" என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனதுதான். கை நடுங்கியது.

தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "900 பில்லா?" என்றார். "யோசிச்சுச் சொல்றேம்மா." யோசிக்க மூன்று வாரம் ஆனது. பொறுப்பும் பெண்ணும் லெட்டரும் கிடைத்தன. சம்பளம் கேட்டதில் பாதிதான் ஏறியது. மீதிக்கு அடுத்த வருடம் பேசுவோம் என்றார். அதையும் அந்த லெட்டரிலேயே ஒரு வரியாக எழுதச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வெறுக்கத் தயாராக இருந்தேன், வெறுக்க விடவில்லை. இ-இன்வாய்ஸை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 18 மாதத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கிளம்புகிற அன்றைக்கு, இங்கே என்ன புதிதாகக் கற்றோம் என்று தன் பயோடேட்டாவில் நாலு வரி சேர்த்துக்கொண்டிருந்தார், டீ குடித்துக்கொண்டே. அவருக்கு அது தினசரி வேலை. நான்தான் அதைத் துரோகம் மாதிரி நினைத்துக்கொண்டு இருந்தேன்.

2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டு 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியதே, அந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போனது? 28இல் வாங்கிய மூட்டையை 18இல் விற்க வேண்டும், கிரெடிட் தேங்கி நிற்கும், வாடிக்கையாளரோ "வெலை கொறையட்டும்" என்று ஆர்டரை நிறுத்தி வைத்திருந்தார்கள். 21ஆம் தேதி ராத்திரி இருப்பை எண்ணிப் பூட்டி, டேலியில் விகிதம் மாற்றி, பழைய ஆர்டர்களைத் தனியாகப் பிரித்து வைத்தோம். 2017இல் செய்ததைவிடச் சின்ன வேலைதான். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை அடுத்த நாளே ஐந்து வரி எழுதி என் ஃபைலில் சேர்த்துவிட்டேன்.

இந்தக் காகித விஷயத்தில் இன்னும் இரண்டு. உங்கள் பி.எஃப். யு.ஏ.என். எண் உங்கள் கையில் இருக்கிறதா? அந்த 12 இலக்கமும் உங்களோடது, கடையோடது இல்லை. எத்தனை கடை மாறினாலும் கூடவே வரும். என்னுடையதில் இனிஷியல் ஆதாரோடு ஒத்துப்போகாமல் வருடக்கணக்காகக் கிடந்தது, நானும் பார்த்ததில்லை. ஊராருக்கெல்லாம் கே.ஒய்.சி. சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்! அடுத்தது நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கின்றன. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. "இப்ப எல்லாரும் குடுக்கணுமாம் முதலாளி, நானே டைப் அடிச்சுக் கொண்டுவரவா?" என்று கேட்டால் பல இடத்தில் காரியம் ஆகிவிடும். நமக்கு நாமே டைப் அடிக்கிற கடிதத்தில் பொறுப்பு என்ற இடத்தில் 'கணக்கு' என்று ஒற்றைச் சொல் போட்டுவிடாதீர்கள்.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதற்காகவே ஒதுக்கப்பட்டவரை எனக்குத் தெரியும். ஒரு தோழி கொடுத்த தாளைப் படிக்காமலே மேசை டிராயரில் போட்ட முதலாளியும் உண்டு. அந்தத் தோழி இப்போது பள்ளத்தூர்ப் பக்கம் மூன்று சின்னக் கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறார். வருமானம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். அவர் டைப் அடித்த ஒரு பக்கம் அந்த மூன்று கடைக்கும் போனது. டிராயரில் கிடப்பது ஒரு நகல்தான்.

இனி, இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணம். ஆயுத பூஜை அன்றைக்குப் பேரேட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அன்றைக்குப் பாதி நாள் நமக்கு வேலை கிடையாது. அந்தப் பாதி நாளில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் செய்தது, மறுபக்கம் தெரியாதது. தனியாக எழுதினால் ஆறு வரியில் நின்றுவிடும், எனக்கு அப்படித்தான் நின்றது. கூட ஒருத்தர் உட்கார்ந்து "ஏங்க, அந்த பேங்க் நோட்டீஸை நீங்கதானே சரி பண்ணினீங்க, அதை ஏன் எழுதல?" என்று கேட்டால்தான் ஏழாவது வரி வரும். நம் வேலையை நம்மைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பது இன்னொரு கணக்கர்தான்.

அதனால் மாதாமாதம் 20ஆம் தேதி கழிந்து வருகிற முதல் ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, கோட்டையூரில் ஆச்சி வீட்டு முகப்பில் கூடலாம் என்று நினைக்கிறேன். ஆச்சி சம்மதித்துவிட்டார். பட்டாலை முழுக்கப் பாய் விரித்தால் ஐம்பது பேர் உட்காரலாம். ஐந்து பேர் வந்தால்கூடப் போதும். சங்கம், சந்தா, பொன்னாடை எதுவும் கிடையாது. ஒருவர் பக்கத்தை ஒருவர் படிப்போம். யார் எந்தத் தேர்வு எழுதுகிறார், எந்தக் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று பேசுவோம். சம்பளம் எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்ல மனமிருந்தால் அதையும் சொல்லிக்கொள்வோம். ஒருவர் சம்பளம் ஒருவருக்குத் தெரியாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்று கணக்கர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மூன்று வருடத் தவணை 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த சீட்டை இதே கடையில் எழுதுவேனா, வேறு இடமா, இல்லை அந்தப் பள்ளத்தூர்த் தோழி மாதிரித் தனியாகவா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதியத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் என் பக்கத்தை நீங்கள் நாலு பேர் படித்து, எங்கே பொய்யாகத் தெரிகிறது, எங்கே குறைத்துச் சொல்லியிருக்கிறேன் என்று சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

வரும்போது உங்கள் தாளை மடிக்காமல் கொண்டு வாருங்கள். ஆச்சி வீட்டில் ஜெராக்ஸ் கிடையாது.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
கோட்டையூர்.